இரண்டு பாலங்கள்

சுவர் எழுப்பும் கொத்தனார் நாலைந்து வரி செங்கல் வைத்ததும் கரணையைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நோக்குவதை மாணவர் யாவரும் கண்டிருப்பர். நூலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு நெல்லளவு விலகல் தோன்றினும், வைத்த கல்லை எடுத்து மீண்டும் வைப்பார். வீட்டுக்குரியவர் அப்போது அங்கே நிற்க வேண்டுவதில்லை. அவர் ஊரிலேயே இல்லாத நாளிலும் அக்கொத்தனார் அவ்வாறுதான் செய்வார். செய்யாத கொத்தனாரும் உளர். சுவரின்மேல் பூச்சு ஏறி வெள்ளையும் அடித்தபின் இருவர் கட்டிய சுவர்களும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை உணர்த்தப் பத்துப் பதினைந்து மழைக்காலங்கள் வேண்டும்.

கட்டடத் தொழிலுக்கும் பிற தொழில்களுக்கும் உள்ள பெரியதொரு வேறுபாடு இதுவே. பானை வாங்குவோர் தட்டிப் பார்த்து வாங்கலாம். துணி வாங்குவோர் இழையைப் பிரித்துப் பார்த்து வாங்கலாம். கட்டடத்திலோ ஒவ்வொரு வேலையும் தனக்கு முந்திய வேலையை மறைத்துவிடுகிறது. கடைகாலை மண் மறைக்கும். இரும்புக் கம்பியைக் கான்கிரீட்டு மறைக்கும். செங்கல்லைப் பூச்சு மறைக்கும். முடிந்த கட்டடத்தைக் கண்ணுற்று அதன் தரத்தைக் கூறுதல் எத்துணை வல்லுநர்க்கும் அரிது. தரம் என்பது வேலை நடக்கும் பொழுதே, யாரும் காணாத இடத்தில் தோன்றுவது; அங்கேயே கெடுவதும் ஆகும்.

ஒருவர் தனித்துச் செய்யும் வேலையில் இதனைப் பழக்கம் என்று கூறி அமையலாம். ஆயிரம் பேர் கூடிச் செய்யும் வேலையில் அவ்வாயிரவர்க்கும் பொதுவானதொரு பழக்கம் உண்டாகிவிடுகிறது. அதனைப் பணிமரபு எனலாம். நிறுவனத்தின் விதிகள் எழுத்தில் இருக்கும். பணிமரபு எழுத்தில் இராது. குறை கண்டவன் யாரிடம் சொல்வது? சொன்னவனைப் பாராட்டுவரா, பகைப்பரா? நாளும் தரமும் ஒன்றோடொன்று மோதுமிடத்து எதனை விட்டுக்கொடுப்பது? இவ்வினாக்களுக்கு எந்த விதிநூலிலும் விடை இல்லை. ஆயினும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிற்றாள் ஒரு வாரத்திற்குள் அவ்விடைகளை அறிந்துகொள்வான். மூத்தோர் செய்வதைப் பார்த்தே அறிந்துகொள்வான்.

இப்பணிமரபு நல்லதாயின் என்னாகும், தீயதாயின் என்னாகும் என்பதை ஒருங்கே வைத்துக் காண்பதற்கு ஸ்காட்லாந்து நாட்டில் உள்ள இரண்டு பாலங்களின் வரலாறு பெரிதும் உதவும். அந்நாட்டின் கீழ்க்கரையில் டே, ஃபோர்த் என்னும் இரண்டு ஆறுகள் அகன்ற கழிமுகங்களாகக் கடலிற் கலக்கின்றன. இரண்டிற்கும் இடையே ஃபைஃப் என்னும் நிலப்பகுதி உள்ளது. எடின்பரோ நகரிலிருந்து வடக்கே டண்டீ நகருக்குப் புகைவண்டியில் நேரே செல்ல வேண்டுமாயின் இவ்விரு கழிமுகங்களையும் கடந்தாக வேண்டும். முன்னாளில் பயணிகள் வண்டியைவிட்டு இறங்கிப் படகேறி, மறுகரையில் மீண்டும் வண்டியேறினர். இவ்வல்லலைப் போக்க விரும்பிய இருப்புப்பாதை நிறுவனம் முதலில் டே ஆற்றிற்குப் பாலம் கட்ட முற்பட்டது.

டே பாலத்தை வகுத்தவர் தாமஸ் பௌச் என்னும் பொறியாளர். குறைந்த செலவில் பாதைகளும் பாலங்களும் அமைப்பதில் பெயர் பெற்றவர் அவர். வேலை 1871இல் தொடங்கிற்று. பாலத்தின் நீளம் ஏறத்தாழ இரண்டு மைல், கண்கள் 85. ஆற்றின் அடியில் துளையிட்டுப் பார்த்தவர்கள் கெட்டிப்பட்ட சரளைப் படுகை ஒன்றைப் பாறை என்று தவறாகக் கருதிவிட்டனர். அப்பிழை வேலை நடுவே வெளிப்பட்டது. அதனால், கனமான செங்கல் தூண்களாக எழுப்ப எண்ணியிருந்தவற்றை இடையில் மாற்றி, வார்ப்பிரும்புக் குழாய்களை ஆறு ஆறாக நிறுத்திச் சட்டங்களாற் பிணைத்த இலேசான தூண்களாக அமைத்தனர்.

அத்தூண்களுக்குரிய குழாய்களை வார்ப்பதற்கு வார்மிட் என்னும் இடத்தில், பாலத்தின் அருகிலேயே, வார்ப்படச் சாலை ஒன்று நிறுவப்பட்டது. இவ்வரலாற்றின் கரு அங்கேதான் உள்ளது. வார்ப்பிரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்பொழுது சிற்சில வேளை உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கிக் குழிகள் உண்டாதல் இயல்பு. குழிகளுள்ள வார்ப்பை உடைத்து உருக்கி மீண்டும் வார்ப்பதே முறை. வார்மிட்டில் அம்முறை ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை. தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள், விளக்குக்கரி ஆகியவற்றை உருக்கிப் பிசைந்து ஒரு பசையாக்கினர். அதனைக் குழிகளில் அடைத்துத் தேய்த்துவிட்டால், கரிய நிறமும் இரும்பின் மினுமினுப்பும் பெற்று, இரும்போடு இரும்பாகத் தோன்றும். இப்பசைக்குத் தொழிலாளரிடையே தனிப் பெயரே வழங்கிற்று.

ஒரு குற்றத்திற்குத் தனிப் பெயர் வழங்குகிறது என்றால் அது ஒருவன் ஒருநாள் செய்த குற்றம் அன்று. பலர் பலநாள் செய்து, செய்வதற்கு நாணாதொழிந்த வழக்கம் அது. அங்குள்ளோர் யாவரும் தீயவர் என்று கொள்ளுதலும் பொருந்தாது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இரும்பு எளிதில் ஓடிப் பரவாத வகையினது. நல்ல வார்ப்புப் பெறுதல் கடினம். குழாய்கள் இத்தனை வேண்டும் என்று மேலிருந்து கேட்போர் இருந்தனர். குழாய்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்போர் போதிய அளவில் இல்லை. கேட்கப்படும் பொருளையே மாந்தர் கொடுப்பர்.

குழாய்களைப் பிணைக்கும் சட்டங்களை மாட்டுவதற்காக ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் துருத்தங்கள் குழாயோடு சேர்த்தே வார்க்கப்பட்டன. காதில் உள்ள துளையைத் துளைப்பொறியால் குடைந்திருந்தால் அது நேராக இருக்கும். செலவும் நேரமும் கருதி அதனையும் வார்ப்பிலேயே அமைத்தனர். வார்த்த துளை ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் புனல்போல் ஆயிற்று. அதனுள் செருகிய மரையாணி துளை முழுவதும் படிந்து நில்லாமல் ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றது. சுமை முழுவதும் அவ்வோரத்திலேயே தங்கிற்று. பிற்காலத்தில் இக்காதுகளைச் சோதித்தபொழுது, அவை தாங்கும் என்று கருதிய சுமையிற் பெரிதும் குறைந்த சுமைக்கே முறிந்தன.

பாலம் முடிந்ததும் அரசின் வாணிகத்துறையைச் சார்ந்த ஹட்சின்சன் என்னும் படைப்பொறியாளர் 1878 பெப்ருவரியில் மூன்று நாள் தங்கிப் பார்வையிட்டார். கனமான இஞ்சின்களைப் பிணைத்துப் பாலத்தின்மேல் ஓட்டிச் சோதித்தார். உத்தரங்கள் வளைந்தது மிகச் சிறிதே. வண்டிகள் மணிக்கு 25 மைலுக்கு மேல் விரையலாகாது என்று கூறினார். கடுங்காற்று வீசும் நாளில் வண்டி செல்லும்போது பாலம் எவ்வாறு இருக்கிறது என்று காண விரும்புவதாகவும் எழுதிவைத்தார். அந்நாள் வருமுன் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. 1878 ஜூன் முதல் நாள் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு விக்டோரியா அரசியார் அதன்மேல் பயணம் செய்தார். பௌச்சுக்குச் சர் பட்டம் கிடைத்தது.

பாலத்தைப் பேணும் பொறுப்பு மேற்பார்வையாளர் ஒருவரிடம் விடப்பட்டது. அவர் கல்வேலையும் செங்கல்வேலையும் அறிந்தவர், இரும்புவேலை பயின்றவரல்லர். ஆற்றுநீர் தூண்களின் அடியை அரிக்கின்றதா என்று காணச் சென்ற அவர், 1878 அக்டோபரில் ஓர் ஒலியைக் கேட்டார். வண்டி செல்லுந்தோறும் பிணைப்புச் சட்டங்கள் சில கடகடவென்று ஆடின. சட்டம் தளர்ந்தாலன்றி அவ்வொலி எழாது. அவர் சிறு இரும்புத் துண்டுகளை இடுக்கில் செருகி ஒலியை அடக்கினார். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் செய்தார். பௌச்சிடம் இதனைத் தெரிவிக்கவில்லை.

இம்மேற்பார்வையாளரை எவ்வாறு மதிப்பது? அவர் சோம்பியிருக்கவில்லை. கேட்ட ஒலியைப் புறக்கணிக்கவும் இல்லை. தம்மால் இயன்றதைத் தம் கையாலேயே செய்தார். ஆயினும், நோயைத் தீர்க்காமல் நோயின் அறிகுறியை மட்டும் மறைத்தார். ஆடிய சட்டம் பாலம் பேசிய பேச்சு. அது கேட்க வேண்டிய செவியைச் சேராமல் இடையிலேயே நின்றுவிட்டது. குறையைத் தன்னளவில் சரிசெய்து மேலோர்க்குச் சொல்லாது விடுதல் நல்ல தொண்டு என்று கருதும் இடங்கள் இன்றும் உள்ளன. அவ்விடங்களில் மேலோர் அமைதியாக உறங்குவர். உறங்குவதற்குக் காரணம் எல்லாம் நலம் என்பதன்று.

பாலம் பேசியதைக் கேட்டவர் பிறரும் இருந்தனர். 1879ஆம் ஆண்டுக் கோடையில் வண்ணம் பூசிய தொழிலாளர், வண்டி செல்லும்போது பாலம் பக்கவாட்டில் அசைவதைத் தம் உடலால் உணர்ந்தனர். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. டண்டீ நகரத் தலைவராக முன்பு இருந்த ஒருவர் வண்டிகள் வரம்பு கடந்து விரைகின்றன என்று நிலையத் தலைவரிடம் முறையிட்டார். பயன் காணாமையால், சில வேளைகளில் வண்டியைத் தவிர்த்துப் படகிலேயே சென்றார்.

1879 டிசம்பர் 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, புயற்காற்று ஆற்றின் குறுக்கே வீசிற்று. ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர்த் தெற்கிலிருந்து வந்த அஞ்சல் வண்டி பாலத்தில் ஏறிற்று. கப்பல் செல்வதற்காக உயர்த்தி அமைத்திருந்த நடுப்பகுதியை அது அடைந்தபொழுது, அங்கிருந்த பதின்மூன்று பெருங்கண்களும் தூண்களோடு சாய்ந்து வண்டியுடன் ஆற்றில் வீழ்ந்தன. வண்டியிலிருந்தோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தோர் 75 பேர் என்று அக்காலத்தார் கணக்கிட்டனர். பெயரோடு உறுதி செய்யப்பட்டோரின் தொகை அதனினும் குறைவு. ஆற்றின் அடியிலிருந்து இஞ்சினை எடுத்துச் செப்பனிட்டுப் பல்லாண்டு ஓட்டினர். அதற்குத் தொழிலாளர் இட்ட பெயர் ‘மூழ்குவோன்’ என்பது. மனிதர் துயரத்தைத் தாங்கிக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று போலும்.

ஆராய்ந்த மூவர் குழு 1880இல் அறிக்கை தந்தது. காற்றின் விசைக்கென்று பௌச் தனியே இடம் வகுக்காமை, வார்ப்பில் நேர்ந்த குறைகள், பேணுதலில் நேர்ந்த தவறு ஆகிய யாவும் வெளிப்பட்டன. வகுத்தது, கட்டியது, பேணியது ஆகிய மூன்றிலும் பாலம் பழுதுடையது என்று குழுத் தலைவர் ராதரி கண்டார். பழியின் பெரும்பகுதி பௌச்சின்மேல் விழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் இறந்தார். ஃபோர்த் ஆற்றுக்காக அவர் வகுத்திருந்த தொங்குபாலத் திட்டம் கைவிடப்பட்டது.

ஃபோர்த் பாலத்தைப் புதிதாக வகுக்கும் பொறுப்பு ஜான் ஃபௌலர், பெஞ்சமின் பேக்கர் என்னும் இருவரிடம் வந்தது. கட்டும் பொறுப்பை ஏற்ற ஒப்பந்தக்காரருள் முதன்மையானவர் வில்லியம் ஆரல். இவர் சிறுவயதில் நூலாலையில் வேலைக்குப் புகுந்து, பின்னர்க் கொல்லுத் தொழில் பயின்று, படிப்படியாக உயர்ந்தவர். சுத்தியலின் எடையைத் தம் தோளால் அறிந்தவர் தலைவராக இருக்கும் களரியில், ஆகாத வேலையை ஆனதாகக் காட்டுதல் எளிதன்று.

காற்றைப் பற்றி முன்பு ஊகித்தனர், இப்பொழுது அளந்தனர். ஆற்றின் நடுவே உள்ள இஞ்ச்கார்வித் தீவில் இருபதடி நீளமும் பதினைந்தடி அகலமும் உள்ள பெரும்பலகை ஒன்றையும், சிறு பலகைகளையும் பேக்கர் நிறுத்திக் காற்றின் விசையைக் குறித்துவந்தார். பாலமோ சதுர அடிக்கு 56 பவுண்டு விசையைத் தாங்குமாறு, வாணிகத்துறை விதித்த அளவின்படியே வகுக்கப்பட்டது. வார்ப்பிரும்பை விடுத்து எஃகைக் கொண்டனர். இழுவிசை தாங்கும் உறுப்புகளுக்கு ஒருவகை எஃகும், அமுக்குவிசை தாங்கும் உறுப்புகளுக்கு மற்றொருவகை எஃகும் குறிக்கப்பட்டன. தகடுகளிலிருந்து மாதிரி வெட்டி, இழுத்தும் வளைத்தும் சோதித்தபின்னரே பாலத்திற்குக் கொண்டனர்.

துளையிடும் முறை இன்னும் குறிப்பிடத்தக்கது. பாலத்தின் பெருங்குழாய்கள் பன்னிரண்டு அடி விட்டம் உள்ளவை. தகடுகளை வளைத்துக் கரையிலுள்ள களரியில் குழாயாகவே சேர்த்து நிறுத்தினர். ஆரல் தாமே அமைத்த துளைப்பொறிகள் குழாயைச் சூழ்ந்து ஊர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள தகடுகள் அனைத்தையும் ஒருசேரத் துளைத்தன. பின்னர்த் தகடுகளைப் பிரித்து, அடையாளமிட்டு, ஆற்றின்மேல் கொண்டுசென்று மீண்டும் கோத்தனர். துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாதிருக்க வழியே இல்லை. புனல்போன்ற துளையில் ஓரத்தில் தொட்டு நின்ற டே பாலத்து மரையாணியை இங்கு நினைவுகூர்க. இப்பாலத்தில் அடித்த தறையாணிகள் ஏறத்தாழ அறுபத்தைந்து இலட்சம். அவற்றை ஒவ்வொன்றாக மேலோர் நின்று பார்த்தல் இயலாத செயல். சரியாகச் செய்தலே எளிய வழியாகவும், தவறாகச் செய்தல் அரிய வழியாகவும் அமையுமாறு வேலையை ஒழுங்குபடுத்தினால், பார்ப்பாரின்றியும் தரம் நிற்கும். நல்ல நிறுவனம் செய்யத்தக்க முதல் வேலை இதுவே எனலாம்.

இவ்வளவு ஒழுங்கிலும் இடர் வாராமல் இல்லை. அடித்தளம் அமைப்பதற்காக எழுபதடி விட்டமுள்ள இரும்புக் கூடுகளை, நம் நாட்டில் பாலத்திற்குக் கிணறு இறக்குவதுபோல, ஆற்றினடியில் இறக்கினர். 1885ஆம் ஆண்டுப் பிறப்பன்று ஒரு கூடு சாய்ந்து நீர் புகுந்துவிட்டது. உள்ளே மரச்சட்டங்களால் தாங்கு கொடுத்து, நீரை இறைத்து, அதனை மிதக்கவைத்து நிமிர்த்தினர். ஏறத்தாழப் பத்து மாதம் கழிந்தது. ஒப்பந்தக்காரருக்குப் பத்து மாதம் என்பது எளிய இழப்பன்று. நீரின் அடியில் நேர்ந்த அப்பிழை மறைக்கப்படாமல், பாலத்தின் வரலாற்றை எழுதியோரால் நாளும் அளவும் குறித்துப் பதியப்பட்டுள்ளது.

தம் வேலையைப் பிறர்க்கு விளங்கச் சொல்லும் வழக்கமும் பேக்கருக்கு இருந்தது. 1887இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில், பாலம் சுமை தாங்கும் முறையை மனிதரைக் கொண்டே காட்டினார். நாற்காலியில் அமர்ந்த இருவர் கைகளை நீட்டிக் கோல்களைப் பற்றி நின்றனர். அவர்களிடையே தொங்கிய பலகையில் ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வத்தனாபே அமர்ந்தார். இருபுறமும் செங்கற்கள் எதிர்ச்சுமையாகத் தொங்கின. கைகள் இழுவிசையையும் கோல்கள் அமுக்குவிசையையும் தாங்குவதை எவரும் எளிதில் உணர்ந்தனர். அப்படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

இனி மாணவர் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ஃபோர்த் பாலத்தைப் பார்வையிட வாணிகத்துறை அனுப்பிய இருவருள் ஒருவர், டே பாலத்தைப் பார்வையிட்ட அதே ஹட்சின்சன். முன்பு வேலை முடிந்தபின் மூன்று நாள் வந்தார். இப்பொழுது வேலை நடக்கும்போதே மூன்று மாதத்திற்கு ஒருமுறை வந்து, மூடப்படுவதற்கு முன்னரே உறுப்புகளைக் கண்டார். அதே கண், அதே கல்வி. ஆனால் இம்முறை காணத்தக்கதைக் காணத்தக்க காலத்தில் காணும் வழி அவருக்கு இருந்தது. பிழைக்குக் காரணம் ஆளே என்று கருதி ஆளை மாற்றுவோர் உளர். ஆள் மாறாமலே வேலையின் முறை மாறியதனால் விளைந்த பயனுக்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தலரிது.

1890 ஜனவரியில் ஒவ்வொன்றும் தொள்ளாயிரம் டன் எடையுள்ள இரண்டு நீண்ட வண்டிகளை ஓட்டிப் பாலத்தைச் சோதித்தனர். அவ்வாண்டு மார்ச்சு 4ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. 1,710 அடி அகலமுள்ள இரண்டு பெருங்கண்கள். ஐம்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எஃகு. இன்றும் நாள்தோறும் அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. 2015இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஃபோர்த் பாலத்தின் பணிமரபு குறையே இல்லாதது என்று கூறிவிடுதல் உண்மைக்கு மாறாகும். அவ்வேலையில் இறந்தோர் 57 பேர் என்று முதலில் கூறினர். பிற்காலத்தில் ஊரார் பழைய ஏடுகளை ஆராய்ந்து 73 பெயர்களைக் கண்டனர். ஆற்றில் வீழ்வோரை எடுக்கப் படகுகள் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றால் சிலர் பிழைத்தனர். நோயுற்றோர்க்கும் அடிபட்டோர்க்கும் உதவத் தொழிலாளர் வாரந்தோறும் ஒருமணிக் கூலி செலுத்தும் சங்கமும் இருந்தது. ஆயினும், எஃகின் ஒவ்வொரு தகட்டையும் எண்ணிக் குறித்த காலம், மாண்ட மனிதரைச் சரியாக எண்ணவில்லை. தகட்டின் தரத்திற்குக் காட்டிய விழிப்பைத் தகட்டின்மேல் நிற்பவன் உயிருக்கும் காட்டுதல் வேண்டும் என்னும் உணர்வு தொழிலுலகில் மெல்லவே வளர்ந்தது.

இந்நாளில் பெரிய கட்டட நிறுவனங்கள் தர மேலாண்மை என்பதனை ஒரு தனித்துறையாகவே கொண்டுள்ளன. பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு 1987இல் அதற்கென 9000 என்னும் எண்ணுள்ள நெறிமுறைத் தொடரை வெளியிட்டது. இன்ன வேலையை இன்னவாறு செய்க, செய்ததைப் பதிவு செய்க, குறை கண்டால் அதன் வேரைக் கண்டு களைக என்பனவே அதன் சாரம். கம்பி கட்டி முடிந்ததும் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும்வரை கான்கிரீட்டு ஊற்றலாகாது என்று நிறுத்திவைக்கும் முறையும் உண்டு. ஹட்சின்சன் மூன்று மாதத்திற்கொருமுறை செய்ததை இது நாள்தோறும் செய்கிறது.

எனினும், ஏட்டிலுள்ள முறை தானே நடவாது. சான்றாகக் கான்கிரீட்டுச் சோதனையை நோக்குவோம். ஊற்றும் கலவையிலிருந்தே சிறிது எடுத்து 15 சென்டிமீட்டர்ப் பெட்டி அச்சுகளில் இட்டுக் கட்டிகளாக்கி, நீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் பொறியில் அமுக்கி உடைத்து வலிமை காண்பர். கலவையில் ஒரு வாளி நீர் மிகுதியாகச் சேர்ந்தால் கொட்டுவதும் பரப்புவதும் எளிது, வலிமையோ குறையும். உடைந்த கட்டி இதனைக் காட்டிக்கொடுக்கும். நன்மரபு உள்ள நிறுவனத்தில் கட்டி குறைந்த சுமைக்கு உடைந்தால், அன்று ஊற்றிய இடம் எது, நீர் மிகுந்தது எவ்வாறு என்று தேடுவர். தீமரபு உள்ள இடத்தில், உடைக்கப்போகும் கட்டிக்கென்று சிமெண்டு மிகுத்துத் தனிக் கலவை குழைப்பர். ஏடு இரண்டிடத்தும் ஒன்றே. எண்களும் அழகாகவே இருக்கும். வார்மிட்டில் குழியை அடைத்த பசையும் இத்தனிக் கலவையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றுகிறது என்று நோக்கின், பெரும்பாலும் ஒரு சிறு நிகழ்ச்சியில் வந்து நிற்கும். கலவையில் நீர் மிகுந்ததைச் சித்தாள் ஒருத்தி கண்டு, “ஐயா, தண்ணீர் அதிகமாயிற்று” என்கிறாள். மேற்பார்வையாளர் கலவையைத் திரும்பிப் பார்க்கிறாரா, அவளை முறைத்துப் பார்க்கிறாரா? முறைத்தாராயின், மறுமுறை அவள் வாய் திறவாள். அவளோடு நின்ற பதின்மரும் திறவார். அதன்பின் எத்தனை ஆய்வாளரை அமர்த்தினும், கலவை குழையுமிடத்தில் நிற்கும் கண்களை அந்நிறுவனம் இழந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாராயின், கூலியின்றிப் பதினொரு மேற்பார்வையாளரை அது பெற்றது. தலைவர் மேடையில் தரத்தைப் பற்றி ஆற்றும் உரையினும் அவ்வொரு கணத்தையே தொழிலாளர் நினைவில் வைப்பர். தலைவரும், வேலை பிந்துகிறதே என்று சினந்த நாளில் தாம் சொன்ன சொல் எது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இடிந்த டே பாலத்திற்கு அருகிலேயே புதிய பாலம் ஒன்றை வில்லியம் ஆரலின் நிறுவனம் கட்டிற்று. 1887இல் அது திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் வீழாது நின்ற பகுதிகளிலிருந்த உத்தரங்கள் பலவற்றைப் புதிய பாலத்தில் எடுத்துப் பொருத்தினர். அவை இன்றும் வண்டிகளைச் சுமந்து நிற்கின்றன. புதிய பாலத்தின் பக்கத்தே, நீர்மட்டத்திற்குச் சற்று மேல், பழைய தூண்களின் அடிப்பகுதிகள் வரிசையாகத் தெரிகின்றன. டண்டீக்குச் செல்லும் பயணிகள் வண்டியின் சாளரத்திலிருந்து அவற்றைக் காணலாம்.